மின்சார வண்டி யாருக்கு?

தாம்பரத்து ஜனங்களுக்கு மின்சாரத்தில் பயணம் செய்வது புதிய விஷயமல்ல. 1931-லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ரயிலடியிலிருந்து வீடு வரை, வீட்டிலிருந்து வேலைத்தலம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் வரை? அந்த நாலைந்து கிலோமீட்டர் இன்னும் பெரும்பாலும் பெட்ரோலை நம்பியே இருக்கிறது. அந்தப் பெட்ரோல் 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிற்று. அதற்குப் பிறகு வெகுவாக இறங்கவே இல்லை.

“மின்சார வண்டி வாங்கலாமா?” என்று தொழிலாளிகள் நம்மிடம் கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதே நமது பதில். ஆனால் விளம்பரத்தைப் பார்த்தல்ல, கணக்கைப் பார்த்து வாங்க வேண்டும்.

முடிச்சூரில் குடியிருந்து, தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகவர, கடைகண்ணிக்கு, எல்லாம் சேர்த்து நாளுக்கு 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட் என்றால் நாளுக்கு 40 ரூபாய். 26 நாளைக்கு 1,040 ரூபாய். சிறிய மின்சார வண்டிக்கு அதே தூரத்துக்குச் சுமார் அரை யூனிட் மின்சாரம் போதும். வாடகைக்காரர் என்பதால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் கறந்தாலும், மாதம் 104 ரூபாய்தான். மிச்சம் 936 ரூபாய். கூலிக்காரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகையா?

இந்த மிச்சத்தை விழுங்கக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் பேட்டரி. பெட்ரோல் வண்டிக்கு எஞ்சின் எப்படியோ, அதைவிட மேலாக மின்சார வண்டிக்குப் பேட்டரி. ஆகவே வண்டியின் நிறத்தையும் விளக்கையும் பார்க்குமுன் பேட்டரியைப் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 960. ஏறக்குறைய ஒரு யூனிட். இதுதான் வண்டியின் உண்மையான வயிறு. கடைக்காரர் சொல்லும் தூரமல்ல. லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு; ஆனால் கனம் அதிகம், ஆயுள் குறைவு. லித்தியத்தில் இரும்பு பாஸ்பேட் வகை, நமது வெயிலைத் தாங்குவதில் மேலானது. மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கழற்றி எடுத்துப் போகும் பேட்டரியே உதவும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. தண்ணீர் புகாத பேட்டரியா, மோட்டாரா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்சார வண்டி எரிந்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் மாண்டார்கள். ஆகவே படுக்கும் அறையிலும், வெளியேறும் வாசலிலும் சார்ஜ் போடக் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்தக் கூடாது.

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்கிறது சட்டம். “ஒயரைக் கழற்றிவிட்டால் 45-ல் பறக்கும்” என்று சொல்லி விற்கும் கடைக்காரரை நம்பாதீர்கள். அப்போது அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து நேர்ந்தால் சுமை முழுவதும் ஓட்டுபவர் தலையில்தான் விழும்.

இனி சர்க்காரின் பக்கம் வருவோம். 2019-ல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டம், குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போகும் வண்டிக்கே மான்யம் என்று நிபந்தனை விதித்தது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டமும் பதிவு செய்யப்படும் வண்டிக்கே கை கொடுத்தது. லட்சத்தைத் தொடும் ஸ்கூட்டருக்கு மான்யம். ஏழை வாங்கும் சிறு வண்டிக்கு ஒன்றுமில்லை! இது என்ன நியாயம்?

வரியிலும் இதே கதைதான். மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதன் பேட்டரி தேய்ந்து, தனியாக வாங்கினால் 18 சதவீதம். 20,000 ரூபாய் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,000 ரூபாய்க்குப் பதில் 3,600 ரூபாய் வரி. அதாவது, நாம் சொன்ன அந்தப் பெண் தொழிலாளி கிட்டத்தட்ட மூன்று மாதம் மிச்சம் பிடித்தது வரியிலேயே போய்விடும். புது வண்டி வாங்க வசதியுள்ளவருக்குச் சலுகை, பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுபவருக்குத் தண்டனை!

2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார், இணைய வழி விநியோகத் தொழிலாளிகள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மான்யம் அறிவித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் சென்னையில் நாள் முழுவதும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் எத்தனை ஆயிரம்! 2,000 பேர் எந்த மூலைக்கு?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ராணிப்பேட்டையிலும் மின்சார வண்டிகளைச் செய்து குவிப்பவை தொழிலாளிகளின் கைகள். அந்த வண்டி தொழிலாளியின் வாசலுக்கும் வர வேண்டும். அதற்கு நாம் கேட்பது இவ்வளவுதான்: தனியாக வாங்கும் பேட்டரிக்கும் 5 சதவீத வரி; சிறு வண்டிக்கும் மான்யம்; வாடகைக் குடித்தனத்துக்குத் தனி மீட்டர்; ரயிலடிகளிலும் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலும் நியாயக் கட்டணத்தில் சார்ஜ் வசதி; லாரியும் பஸ்ஸும் பாயும் ஜி.எஸ்.டி. சாலையில் மெது வண்டிகளுக்குத் தனிப் பாதை.

வாங்குபவர் கணக்குப் பார்த்து வாங்கட்டும். சர்க்காரும் ஏழையின் கணக்கைப் பார்க்கட்டும். பார்க்க வைப்பது நம் ஒற்றுமையின் வேலை.