வீட்டில் மட்டும் சர்வாதிகாரமா?

விளக்கம் கேளாமல் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கினால் அன்று மாலையே ஆலை வாயிலில் கூட்டம் போடுகிறோம். "எங்கள் தரப்பைக் கேள், அதற்குப் பிறகு பேசு" என்று முழங்குகிறோம். நல்லது, முழங்கத்தான் வேண்டும். ஆனால், அதே இரவு வீடு திரும்பியதும், பதினைந்து வயது மகன் வாய் திறக்குமுன் கன்னத்தில் அறைகிற கை யாருடையது? "பெண்பிள்ளைக்கு என்ன பேச்சு?" என்று மகளை அடக்குகிற குரல் யாருடையது? வேதனையோடு சொல்லுகிறோம்: அந்தக் கையும் குரலும் நம்முடையவைதான்.

"வீட்டு விவகாரத்தைக் கட்சிப் பத்திரிகை எழுதுவானேன்?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உயிர் போகிற விஷயம் வீட்டோடு நின்றுவிடுமா என்று அவர்களைக் கேட்கிறோம்.

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 1992 முதல் 2001 வரை நேர்ந்த மரணங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள், ஆண்டுக்கு லட்சத்துக்குப் பெண்கள் 148 பேர், ஆண்கள் 58 பேர்! எந்தச் சாவுக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. ஆனால், அங்கே காணப்பட்ட காரணங்களில் பரீட்சைத் தோல்வி, காதல் ஏமாற்றம், மனநோய் ஆகியவற்றோடு குடும்பச் சச்சரவும் வீட்டுக்குள் நடக்கும் அடிதடியும் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனநலக் குறை உண்டு என்றது. ஐம்பது பிள்ளைகள் உட்காரும் ஒரு வகுப்பில் மூவர் அல்லது நால்வர்! அவர்களில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கமாட்டார் என்று எந்தத் தோழர் உறுதி கூற முடியும்?

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு மனம் சோர்ந்தால் அழுவார்கள், புலம்புவார்கள். வளரும் பருவத்தில் அந்தச் சோர்வு பல வேளைகளில் எரிச்சலாக, முரட்டுப் பதிலாக வெளிப்படுகிறது. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே மாறி, தூக்கம் தள்ளிப்போகிறது. காலையில் எழ முடிவதில்லை. தகப்பன் கண்ணுக்கு முதலாவது திமிராகவும் இரண்டாவது சோம்பலாகவும் படுகிறது. அடிக்கிறான். பிள்ளை வாயை மூடிக்கொண்டு செல்போனுக்குள் புகுந்துகொள்கிறது. "பார், உன் வளர்ப்பு!" என்று தாயின்மேல் பழி விழுகிறது, புருஷன் பெண்சாதி சண்டை மூளுகிறது. அந்தச் சண்டை பிள்ளையின் நெஞ்சில் மேலும் ஓர் ஆணியை அறைகிறது. வீட்டின் பூசல் பிள்ளையை வாட்டுகிறது; பிள்ளையின் வாட்டம் வீட்டில் பூசலை வளர்க்கிறது. செக்கு மாட்டைப் போலச் சுற்றும் இந்தச் சுற்றைப் பெரியவர்கள்தாம் முதலில் நிறுத்த வேண்டும்.

குற்றம் முழுவதையும் தொழிலாளியின் தலையில் சுமத்த நாம் தயாரில்லை. ஷிப்டு முடிந்து, ஓவர்டைமும் முடிந்து, பஸ் பிடித்து வீடு சேரும் மனிதனிடம் பிள்ளையோடு பேச என்ன மிச்சம் இருக்கும்? கடன்காரன் வாசலில் நிற்கும்போது பொறுமை எங்கிருந்து வரும்? 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சங்கங்கள் பொங்கி எழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடி ஏற்றியதும் எட்டு மணி நேர வேலையை வலியுறுத்தும் நாளில்தான். அன்று காத்த அந்த நேரத்தை இன்று யாருக்குக் கொடுக்கிறோம்? சாராயக் கடைக்கா? நம் பிள்ளைக்கா?

தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நாளுக்குப் பத்து நிமிஷம் பிள்ளை பேசட்டும். நீங்கள் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். பரீட்சையில் தவறினால் துணைத்தேர்வு இருக்கிறது. தவறிய பிள்ளைக்கு வேறு வீடு இல்லை என்பதை நினையுங்கள். மகள் யாரையேனும் விரும்புவதாகச் சொன்னால் சாதியைக் கேட்டுச் சீறாதீர்கள். மேடையில் சாதியை ஒழிக்கிறவர் வீட்டு வாசலில் அதற்குக் காவல் நிற்கலாமா? பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் விளையாட்டு என்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற இலவசத் தொலைபேசியில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது மானக்கேடு அல்ல.

பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், பிள்ளையின் தரப்பைக் கேட்க எந்த அரசாணையும் தேவையில்லை. ஆலையில் நாம் கேட்கும் நியாயத்தை அடுப்படியிலும் வழங்குவோம். இன்று இரவே தொடங்குவோம்!