உபகாரச் சம்பளம் யாருக்கு?

ஆண்டு மலர் கைக்கு வந்தவுடன், மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் இடம் பெற்ற அக்காமார்களின் புகைப்படங்களையே நாம் முதலில் தேடுகிறோம். அவர்களால் நம் பள்ளிக்குப் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வகுப்பறையில், அதே பெஞ்சில் அமர்ந்து படித்து, பின்னர் நர்சிங் படிக்கச் சென்ற அக்காமார்களின் படங்கள் எங்கே? பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் உள்ளத்தில் இவ்வாண்டு இக்கேள்வியை எழுப்பியது ஒரு தாயாரின் நோய்.

எங்கள் தோழி ஒருத்தியின் தாயாருக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. (தோழியின் அனுமதியுடனேயே இதை எழுதுகிறோம்.) டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்து குடலின் ஒரு பகுதியை நீக்கினார்கள். வயிற்றின் மேல் ஒரு சிறு திறப்பு வைத்து, மலம் அதன் வழியே வந்து ஒரு பையில் சேருமாறு செய்தார்கள். அத்திறப்பை ‘ஸ்டோமா’ என்பர். உயிர் பிழைத்தது, ஆயினும் வாழ்வு திரும்பவில்லை. பை அடிக்கடி கசிந்தது. சுற்றிலும் தோல் புண்ணாயிற்று. வாடை வீசுமோ என்று அஞ்சி அந்த அம்மாள் கல்யாண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தினார். பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். வயிறார உண்பதையும் நிறுத்தினார். பையை மாற்றும் விதத்தை மருத்துவமனையில் ஐந்து நிமிடம் சொன்னார்களாம். அவ்வளவுதான்.

மூன்று மாதங்களுக்குப் பின் வேறோர் ஊரில், இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு நர்ஸை அவர்கள் சந்தித்தார்கள். அவர் திறப்பை அளந்து பார்த்தார். பையின் வாயை அந்த அளவுக்குச் சரியாக வெட்டக் கற்றுக்கொடுத்தார். புண்ணுக்கு வழி சொன்னார். எந்த உணவு காற்றை உண்டாக்கும், எது இதம் தரும் என்று விளக்கினார். எங்கள் தோழியையும் அருகில் நிறுத்தி, அவள் கையாலேயே செய்ய வைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இவ்வாண்டு விழாவன்று அந்த அம்மாள் முன்வரிசையில் அமர்ந்து மகளின் நாடகத்தைப் பார்த்துக் கைதட்டினார். அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு என்ன என்பதே எங்கள் கேள்வி.

இத்தகைய பயிற்சி எங்கே தொடங்கியது தெரியுமா? அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண்மணி குடல் புண் நோயால் பல்லாண்டு வருந்தி, 1954-இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் அறுவை சிகிச்சை பெற்றார். அவருக்கும் வயிற்றில் திறப்பு வைக்கப்பட்டது. தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படலாகாது என்று எண்ணி மற்ற நோயாளிகளுக்கு உதவத் தொடங்கினார். அவருடைய அறுவை மருத்துவரான டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் 1958-இல் அவரை அதே மருத்துவமனையில் பணிக்கு அமர்த்தினார். 1961-இல் இருவருமாக இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். 1978-இல் இத்துறைச் செவிலியரின் உலக அமைப்பு உருவாயிற்று. பல நாட்டுச் செவிலியர் இப்படிப்பைப் பெறப் பொருளுதவி செய்யும் அறநிதி ஒன்று அவர் பெயராலேயே நடைபெறுகிறது. நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இத்துறையில் செவிலியருக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் ‘நர்ஸ் பிராக்டீஷனர்’ என்னும் படிப்பைத் தொடங்கினர். இப்படிப்பை முடித்தவர் நோயாளியைப் பரிசோதிக்கலாம், சோதனைகளுக்கு அனுப்பலாம், மருந்தும் எழுதித் தரலாம். அவர்களுள் சிலர் ஜீரண உறுப்புகளின் நோய்களையே தம் துறையாகக் கொள்கின்றனர். கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி, ஓயாத வயிற்றுப்போக்கு முதலியவை ஒரு நாளில் தீருபவை அல்ல. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து உணவையும் மருந்தையும் மன உறுதியையும் கவனிக்க ஒருவர் வேண்டும். அந்த இடத்தை இவர்கள் நிரப்புகிறார்கள். நம் நாட்டிலும் தீவிர சிகிச்சைக்கும் மகப்பேற்றுக்கும் இவ்வகை மேற்படிப்பு வந்துவிட்டது. ஜீரண நோய்களுக்கும் அது வரவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இது நமக்குப் புதிய கருத்தன்று. வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் பெரிதும் பேசுவது உணவையும் செரிமானத்தையும் பற்றியே. அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு பங்காக்குகிறார். நோயாளி ஒரு பங்கு. மருத்துவர் ஒரு பங்கு. மருந்து ஒரு பங்கு. அருகிலிருந்து பேணுபவர் நான்காம் பங்கு. நாமோ மூன்று பங்கை மதித்து நான்காவதை மறந்துவிட்டோம்!

சரி, இப்படிப்புக்குச் செல்வதற்கு என்ன தடை? இங்கேதான் உபகாரச் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மேற்படிப்புக்கு வருபவள் பள்ளி முடித்த சிறு பெண் அல்லள். சில ஆண்டுகள் வார்டில் நின்று பழகியவள். பெரும்பாலும் குடும்பத்தின் மூத்த மகள். தம்பியின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனின் தவணையும் அவள் சம்பளத்தை நம்பியிருக்கின்றன. அவளிடம் சென்று, “உன் கல்விக் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், இரண்டு ஆண்டு படித்துவிட்டு வா” என்றால் அவளால் வர இயலுமா? கட்டணத்தை நாம் தந்தாலும், அந்த இரண்டாண்டு வருமானத்தை அவள் வீட்டுக்கு யார் தருவார்? ‘உபகாரச் சம்பளம்’ என்ற சொல்லையே பாருங்கள். அதில் உபகாரமும் உண்டு, சம்பளமும் உண்டு. நாம் உபகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சம்பளத்தை விட்டுவிட்டோம்.

“இத்தனையும் செய்தபின் அவள் வெளிநாடு போய்விட்டால்?” என்று பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அதே வார்டு, அதே பதவி என்றிருந்தால் யார்தான் தங்குவார்? கற்ற கல்விக்கேற்ற பணியும் மதிப்பும் இங்கேயே கிடைத்தால் தங்குபவர் பலர் இருப்பர். மேலும், உதவி பெற்றவர் இரண்டு ஆண்டுகளாவது நம் மாவட்டத்தில் பணி புரிய வேண்டும் என்று நிபந்தனை வைப்பதில் தவறில்லை.

“ஏழை மாணவிகள் முதல் பட்டத்துக்கே திண்டாடும்போது, மேற்படிப்புக்கு ஏன்?” என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு சாரார் வாதிட்டனர். அவர்கள் வாதத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. இருக்கும் உதவிகளைக் குறைத்து இதைத் தொடங்க வேண்டாம். புதிதாக ஒன்று சேர்ப்போம் என்பதே எங்கள் முடிவு. ஓர் உதவி ஒரு பெண்ணைப் படிக்க வைக்கும். அவளோ ஆண்டுதோறும் எத்தனையோ வீடுகளின் துயரைத் துடைப்பாள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நம் பள்ளியின் முன்னாள் மாணவியர் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் மருத்துவம், பொறியியல் மாணவியருக்கு வழங்கும் பரிசுகளோடு, செவிலியராகப் பணிபுரியும் முன்னாள் மாணவி ஒருவரின் மேற்படிப்புக்கு ஓர் உபகாரச் சம்பளத்தையும் வழங்க வேண்டும். ஸ்டோமா பராமரிப்பு, ஜீரண நோய்ச் சேவை ஆகியவற்றைத் தேர்ந்தவருக்கு முதலிடம் தர வேண்டும். ஏனெனில் இவை கூச்சத்தால் எவரும் வாய்விட்டுப் பேசாத நோய்கள்; பேசாததால் உதவியும் கேட்கப்படுவதில்லை. கட்டணத்துடன், படிக்கும் காலத்தில் வீட்டுக்கு அனுப்ப மாதந்தோறும் ஒரு தொகையும் அதில் அடங்க வேண்டும். எங்கள் பங்காக, பிரிவு உபசார விழாவின் அலங்காரச் செலவைக் குறைத்து மிச்சமாகும் பணத்தை இந்நிதிக்கு முதல் காணிக்கையாக அளிக்க நாங்கள் உறுதி பூண்டுள்ளோம். அருட்சகோதரிகள் இதற்கு இசைவு தருவார்கள் என்று நம்புகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “நர்ஸ் வேலைக்கா போகிறாய்?” என்று மகளிடம் முகம் சுளித்துக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் நோயுற்று, வெட்கத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கும் நாளில், அருவருப்பின்றி அருகில் வந்து அமர்ந்து, “பயப்படாதீர்கள் அம்மா, கற்றுத் தருகிறேன்” என்று சொல்லப்போகிறவள் அவள்தான். அவள் கற்க வேண்டியதைக் கற்பதற்கு நாம் வழி செய்வோம்.