உலகின் மோசமான கார்ட்டூன்கள் எவை? நீலகிரியிலிருந்து பார்த்தால் பட்டியல் ஏன் மாறுகிறது?

‘டாம் அண்ட் ஜெர்ரி’ பிடிக்காதவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அந்தத் தொடரிலேயே 13 படங்களை ரசிகர்கள் கிட்டத்தட்ட தள்ளிவைத்திருக்கிறார்கள். 1961, 1962-ம் ஆண்டுகளில் வெளியான அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: உருவங்கள் கொஞ்சம் கோணலாக, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, டாம் அடி வாங்கினால் சிரிப்புக்குப் பதில் பாவமாக இருக்கும். “உலகின் மோசமான கார்ட்டூன்கள்” என்று யார் பட்டியல் போட்டாலும் இந்த 13-க்கும் அதில் ஓர் இடம் நிச்சயம்.

ஆனால் அது நியாயமான பட்டியல்தானா? மோசம் என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமா? இந்தக் கேள்விக்கு ஹாலிவுட்டிலிருந்து ஒரு பதில் வரும், கூடலூர் காட்டோரத்திலிருந்து வேறு பதில் வரும்.

காசு இல்லாததால் வந்த மோசம்

முதலில் அந்த 13 படங்களின் கதை. ஹன்னா, பார்பெரா என்ற இரட்டையர் 1940 முதல் 1958 வரை 114 படங்கள் எடுத்து, 7 ஆஸ்கர் விருதுகளை அள்ளியிருந்தார்கள். செலவு தாங்காமல் எம்ஜிஎம் நிறுவனம் 1957-ல் அந்த கார்ட்டூன் பிரிவையே இழுத்து மூடியது. சில வருடம் கழித்து, புதிய படங்களைக் குறைந்த செலவில் வெளியே கொடுத்து எடுக்க முடிவானது. வேலை போய்ச் சேர்ந்த இடம், அன்றைய கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரம். இயக்கியவர் ஜீன் டீச். அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை, அவருடைய ‘மன்ரோ’ என்ற குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அங்கிருந்த ஓவியர்கள் பழைய டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவற்றைத்தான் பார்த்திருந்தார்கள். நேரமும் பணமும் அதைவிடக் குறைவு.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம். ஒரு 7 நிமிட கார்ட்டூனுக்கு 10,080 பிரேம். ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு பிரேமுக்குப் பயன்படுத்தினால்கூட 5,000-க்கும் மேல் கையால் வரைய வேண்டும். பணம் இல்லாதபோது முதலில் கை வைப்பது இந்த எண்ணிக்கையில்தான். 1959-ல் அமெரிக்க டிவியில் வந்த ‘கிளட்ச் கார்கோ’ தொடர் இதில் உச்சம்: அசையாத ஓவிய முகம், அதன்மேல் நிஜ மனிதரின் உதடுகளை மட்டும் ஒட்டிப் பேசவைத்தார்கள். இன்று பார்த்தால் பேய்ப்படம் மாதிரி இருக்கும். 

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. 2014-ல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில் ரஜினியின் உருவம் நடந்த நடையை மீம் போடாதவர்கள் குறைவு. அது முழுநீளப் படம், தொழில்நுட்பமும் வேறு. ஆனாலும் நோய் ஒன்றுதான். ஆசை பெரிது, பட்ஜெட் சிறிது.

இந்த வகை மோசத்தில் யாருக்கும் காயமில்லை. சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

அழகாக வரையப்பட்ட மோசம்

இரண்டாவது வகை அப்படியில்லை. 1968-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், தன் கையிலிருந்த வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் 11 படங்களை இனி டிவிக்குக் கொடுப்பதில்லை என்று எடுத்து வைத்தது. 1931-க்கும் 1944-க்கும் இடையில் வெளியான இந்தப் படங்களை ‘சென்சார்டு லெவன்’ என்பார்கள். கறுப்பின மக்களைக் காட்டிய விதம்தான் காரணம். ஒரு வசனத்தையோ காட்சியையோ வெட்டினால் சரியாகிவிடும் என்ற நிலைமை இல்லை, படமே அதன்மேல்தான் நிற்கிறது.

இதில் வினோதம் என்னவென்றால், இவற்றை எடுத்தவர்கள் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கார்ட்டூன் கலைஞர்கள். டெக்ஸ் ஏவரி, ஃப்ரிஸ் ஃப்ரெலெங், சக் ஜோன்ஸ், பாப் கிளாம்பெட். கிளாம்பெட் 1943-ல் எடுத்த ‘கோல் பிளாக்’ இந்த 11-ல் ஒன்று. 1994-ல் கார்ட்டூன் துறையினரிடம் வாக்கெடுத்துத் தொகுத்த ‘50 சிறந்த கார்ட்டூன்கள்’ நூலிலும் அதே படம் 21-வது இடத்தில் இருக்கிறது. அதாவது, டிவியில் காட்டவே கூடாத படம் உலகின் தலைசிறந்த படங்களிலும் ஒன்று. வரைகலையை மட்டும் வைத்து ‘மோசமான’ பட்டியல் போட்டால் ஜீன் டீச் மாட்டிக்கொள்வார், கிளாம்பெட் தப்பித்துவிடுவார்.

11-ல் இன்னொன்று ‘ஜங்கிள் ஜிட்டர்ஸ்’, 1938. கதை ரொம்ப எளிது: காட்டுக்குள் ஒரு கிராமம், இலை தழை உடுத்திய மக்கள், மூக்கில் வளையம், கையில் ஈட்டி. பொருள் விற்க ஒரு சேல்ஸ்மேன் வருகிறான். அவனைத் தூக்கிக் கொதிக்கும் அண்டாவில் போடுகிறார்கள். இந்த அண்டா காட்சி அந்தக் காலக் கார்ட்டூன்களில் திரும்பத் திரும்ப வரும். டாம் அண்ட் ஜெர்ரியும் விதிவிலக்கில்லை. 1951-ல் வந்த ‘ஹிஸ் மவுஸ் ஃப்ரைடே’ படத்தில் ஜெர்ரி முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, மனிதனைத் தின்னும் காட்டுவாசியாக நடித்து டாமை மிரட்டும்.

ஏன் இப்படி? 7 நிமிடத்தில் கதையை முடிக்க வேண்டும், திரையில் தெரிந்த 2 வினாடியில் ‘இவன் யார்’ என்று ஆடியன்ஸுக்குப் புரிய வேண்டும். அதனால் கார்ட்டூன் எப்போதும் குறுக்குவழியைத் தேடும். தாடி வைத்தால் விஞ்ஞானி, கறுப்புக் கண்ணாடி போட்டால் திருடன். 19-ம் நூற்றாண்டு அமெரிக்க மேடையில், வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த கூத்து பெரிய பிசினஸ். தடித்த உதடு, உருளும் கண் எல்லாம் அங்கிருந்து ரெடிமேடாகக் கிடைத்தன. “அந்தக் காலத்துல யாருக்கும் தப்பாத் தெரியல” என்று சொல்வதும் சரியில்லை. ‘ஸ்க்ரப் மீ மாமா’ என்ற 1941-ம் ஆண்டு கார்ட்டூன் மீண்டும் வெளியானபோது, கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி 1948-லேயே எதிர்த்தது. மறு வருடம் யுனிவர்சல் அதைத் திரும்பப் பெற்றது. தப்பாகத் தெரிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் சொன்னது அபூர்வமாகத்தான் காதில் விழுந்தது.

சரி, இதற்கும் நீலகிரிக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் 6 சமூகங்களை ‘குறிப்பாக நலிவுற்ற பழங்குடியினர்’ என்று மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் வாழும் மாவட்டம் நீலகிரி. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சுமார் 7.35 லட்சம் மக்களில் பழங்குடியினர் ஏறக்குறைய 4.5 சதவீதம். இந்த வகைக்கு 2006 வரை அரசே வைத்திருந்த பெயரில் ‘பிரிமிட்டிவ்’ என்ற வார்த்தை இருந்தது. கோப்பிலேயே அப்படி என்றால் கார்ட்டூனை என்ன சொல்ல?

‘ஜங்கிள் ஜிட்டர்ஸ்’ அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் குறிவைத்த படம். அதே வீடியோ பந்தலூரில் ஒரு போனில் ஓடும்போது ஆப்பிரிக்காவோ அமெரிக்காவோ குழந்தைக்குத் தெரியாது. காடு தெரியும். காட்டில் இருப்பவர்கள் யார் என்றும் தெரியும். பக்கத்து பெஞ்சில் ஒரு பணியர் வீட்டுப் பிள்ளையோ காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கும். தமிழில் ‘காட்டுமிராண்டி’, ‘காட்டுவாசி’, ‘காட்டான்’ எல்லாமே திட்டுவதற்கு இருக்கும் வார்த்தைகள். அந்த வார்த்தைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பதுதான் அந்த அண்டா காட்சி. பழைய தமிழ் சினிமாக்களும் சும்மா இருக்கவில்லை. முகத்தில் வெள்ளைக்கோடு, கையில் ஈட்டி, புரியாத சத்தங்கள் என்று ‘காட்டுவாசி டான்ஸ்’ போடாத படம் எத்தனை?

நிஜத்தில் அந்த ‘காட்டுவாசி’ ஒரு ஆள் கிடையாது. தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள், சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. கோத்தர்கள் இரும்பு வேலைக்கும் மண்பாண்டத்துக்கும் இசைக்கும் பேர்போனவர்கள். குறும்பர்களும் காட்டுநாயக்கர்களும் தேன் எடுப்பதில் கில்லாடிகள். பணியர்களில் பலர் இன்று கூடலூர், பந்தலூர் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் மொழி வேறு, சாமி வேறு.

தங்களைக் கேலி செய்தால் எப்படி வலிக்கும் என்பது இந்தியர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் வந்த கடைக்காரர் அபுவை வைத்து, அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் எவ்வளவு கிண்டலடிக்கப்பட்டார்கள் என்று ஹரி கொண்டபொலு 2017-ல் ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அபுவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா விலகினார். நம்மில் பலர் அதைக் கைதட்டி வரவேற்றோம். அதே அளவுகோலை முதுமலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவதில்தான் சிக்கல்.

இத்தனைக்கும் வேறு மாதிரியும் காட்ட முடியும் என்பதற்குச் சாட்சி அதே காட்டிலேயே இருக்கிறது. ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. தெப்பக்காடு யானைகள் முகாமில் ரகு, அம்மு என்ற இரண்டு யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள். உலகமே பார்த்த அந்தப் படத்தில் அவர்கள் சமைக்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள், குட்டி பிரிந்து போனபோது அழுகிறார்கள். அது கார்ட்டூன் இல்லை, ஆவணப்படம் என்பது உண்மைதான்.

85 வருடப் பழைய படம் போனுக்கு எப்படி வருகிறது?

காப்புரிமை வழியாக. 1964-க்கு முன்பு அமெரிக்காவில் வெளியான படங்களுக்கு 28-வது வருடம் காப்புரிமையைப் புதுப்பித்தாக வேண்டும். ‘ஜங்கிள் ஜிட்டர்ஸ்’ படத்துக்கு அது நடக்கவில்லை. விளைவு, அது பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் ‘கிளாசிக் கார்ட்டூன்ஸ், 2 மணி நேரம்’ என்று நாலு படத்தோடு சேர்த்து ஏற்றலாம், காசு கேட்க யாரும் வரமாட்டார்கள். உரிமையுள்ள நிறுவனம் வெட்கப்பட்டு பூட்டிவைத்த படம், உரிமை போன காரணத்தாலேயே ஊர் சுற்றுகிறது.

டிவிக்கு ஒரு விதி உண்டு. 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில், இன, மொழி, வட்டாரக் குழுக்களை இழிவாகவோ ஏளனமாகவோ சித்தரிக்கும் நிகழ்ச்சிகள் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளின்படி வயது வகைப்பாடு வந்துவிட்டது. யூடியூபில் யாரோ ஒருவர் ஏற்றும் பழைய கார்ட்டூனுக்கு அந்த வகைப்பாடு கிடையாது. குழந்தைகள் அதிகம் பார்ப்பது எங்கே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்போ அழித்துவிடலாமா?

அது தேவையில்லை. அழித்துவிட்டால், இப்படி ஒன்று நடந்தது என்பதற்கான ஆதாரமும் சேர்ந்து போய்விடும். 2005-ல் வார்னர் வெளியிட்ட லூனி டியூன்ஸ் டிவிடி தொகுப்பில் நடிகை வூப்பி கோல்ட்பர்க் முன்னால் வந்து, இந்தச் சித்தரிப்புகள் அன்றும் தப்பு, இன்றும் தப்பு, ஆனால் மறைத்தால் அந்தத் தப்பு நடக்கவே இல்லை என்று சொல்வதாகிவிடும் என்ற பொருளில் பேசினார். டிஸ்னி பிளஸ் 2020-ல் ‘டம்போ’, ‘பீட்டர் பேன்’ படங்களுக்கு முன்னால் எச்சரிக்கை போட்டது. அடுத்த வருடம் குழந்தைகள் கணக்கிலிருந்தே அவற்றை நீக்கியது. இதில் வூப்பியின் வழி பெரியவர்களுக்கு, டிஸ்னியின் இரண்டாவது முடிவு குழந்தைகளுக்கு. 6 வயதுப் பிள்ளை எச்சரிக்கை வாசகத்தைப் படிக்கப் போவதில்லை, அதுவும் ஆங்கிலத்தில்.

பெற்றோர் செய்யக்கூடியது சின்னதுதான். ‘கிளாசிக்’ என்று பெயர் போட்ட, யார் ஏற்றியது என்று தெரியாத நீளமான தொகுப்புகளைத் தானாக ஓடவிடாமல், உரிமையுள்ள நிறுவனத்தின் சேனலில் தேடலாம். தப்பித்தவறி அண்டா காட்சி வந்துவிட்டால் அணைப்பதைவிட நிறுத்திவிட்டுப் பேசுவது பயன்தரும்: இதை யார் வரைஞ்சாங்க, அவங்க காட்டுக்குப் போயிருப்பாங்களா என்று.

காட்டில் இருப்பவர்களே வரைந்தால் எப்படி இருக்கும் என்று காட்டவும் வழி உண்டு. கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பை கிராமத்தில் ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசினையும் இலைச்சாற்றையும் வண்ணமாக்கி ஓவியம் வரைகிறார்கள். அவர்களின் பழைய பாறை ஓவியங்களும் அருகிலேயே இருக்கின்றன. மெல்லிய கோடுகளால் ஆன உடல்கள், பாறை உச்சியிலிருந்து தொங்கும் கொடி ஏணி, அதில் ஒருவர் இறங்கித் தேனடையை வெட்ட, மற்றவர்கள் மேலே நின்று ஏணியைப் பிடித்திருப்பார்கள்.