காலத்தின் தலையில் பழி

"ரயிலுக்குக் காலம் முடிந்துவிட்டது, இனி பஸ்ஸும் காரும்தான், நாளைக்கு ஆகாயத்திலேயே பறப்பார்கள், பழையன கழிவது கால தர்மம்" என்பதாக நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பேசுகிறார்கள். நாம் கேட்கின்றோம்: இந்தக் காலம் என்கிற ஆசாமி யார்? தண்டவாளத்தைக் கழற்ற அவருக்குக் கை இருக்கிறதா?

தோழர்களே! மதுரையிலிருந்து ஆண்டிபட்டி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928-ல் மீட்டர் கேஜ் ரயில் விட்டது மனிதர்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதும் மனிதர்களே. 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 முடிவில் அகலப் பாதை போடுவதாக நிறுத்தினார்கள். தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூனிலும் வண்டி வந்தது. நிறுத்திய அன்று பிறந்த பிள்ளை ஐந்தாம் வகுப்புத் தாண்டிவிட்டது! ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை உடைக்க நாள் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். பணம் ஒதுக்கவுமா பாறை தடுத்தது?

இங்கே செத்தது எது? ஒரு மீட்டர் அகலம் செத்தது. 1,676 மில்லிமீட்டர் அகலம் வந்தது. ரயில் சாகவில்லை. 2013 ஜூலையில் தந்தி நின்றது, யார் அழுதார்கள்? அதைவிட மேலானது கையில் இருந்தது. ரயில் நின்றபோது மல்லிகைப் பூ மூட்டைக்காரியின் கையில் என்ன இருந்தது? பஸ் டிக்கெட் இருந்தது. அதற்கும் காசு அவள்தான் கொடுத்தாள். காரில் போகிறவர்களுக்கு எந்த ரயிலும் காலாவதிதான்!

ரயில் பெட்டியில் பக்கத்தில் உட்காருகிறவன் என்ன ஜாதி என்று கேட்டு இடம் போடுவதில்லை. இரட்டைக் குவளைக்கும் தனிச் சுடுகாட்டுக்கும் "காலம் முடிந்தது" என்று இந்தப் பெரியவர்கள் வாய் திறந்து நாம் கேட்டதில்லை. அங்கே மட்டும் கால தர்மத்துக்குக் காது செவிடு போலும்.

நாளை சர்க்கார் பஸ்ஸையும், சர்க்கார் ஆஸ்பத்திரியையும் பழசு என்பார்கள். அதற்குப் பதில் எது, எந்தத் தேதியில், என்ன கட்டணத்தில் என்று கேளுங்கள்.

போடியோடு தண்டவாளம் நிற்கிறது. கம்பத்துக்கும் கூடலூருக்கும் இன்றுவரை ரயில் கிடையாது. வராத ரயிலுக்குக் காலம் எப்படி ஐயா முடிந்தது?