கொடுத்த கையே பறிக்கலாமா?

காட்கோபரில் ஒரு சாலில் குடியிருக்கும் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தது. ஒரு கண்ணும் போயிற்று. ராஜாவாடி ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் நடையாய் நடந்தபின் சர்க்கார் நஷ்டஈடு கிடைத்தது. பிறகு, உடல் ஊனத்துக்கான மாத உதவித்தொகை கேட்டு மனுப் போடுகிறார். “உங்கள் பேரில்தான் பாங்கியில் பணம் இருக்கிறதே, வட்டி வருகிறதே, உதவித்தொகை எதற்கு?” என்று குமாஸ்தா கேட்டால், அவர் என்ன பதில் சொல்வார்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கொடுமை விளங்கும்.

2013 மே மாதம் பாந்த்ரா டெர்மினஸில் ரயிலை விட்டு இறங்கிய ஓர் இளம் பெண் மீது ஆசிட் வீசப்பட்டது. அடுத்த மாதம் அவர் இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் மராட்டிய அரசு ‘மனோதைரிய’ திட்டத்தைக் கொண்டுவந்தது. பாலியல் வன்முறைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை உதவி என்றது அத்திட்டம். 2017 டிசம்பரில் இது திருத்தப்பட்டு, உச்ச வரம்பு 10 லட்சம் ஆயிற்று. ஆனால் முக்கால் பங்கைப் பாங்கியில் நீண்டகால டெபாசிட்டாகப் போட வேண்டும். கால் பங்குதான் கைக்கு வரும். பணம் வீணாகாமல் காக்கும் நல்ல எண்ணம் இது. குறை சொல்வதற்கில்லை.

மறுபக்கம், 1980-இல் தொடங்கிய சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் இருக்கிறது. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு இதில் மாத உதவி உண்டு. 2025-இல் இந்த உதவியை 1,500 ரூபாயிலிருந்து 2,500 ஆக உயர்த்த மந்திரிசபை முடிவு செய்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களையும் மாற்றுத்திறனாளிகளாக 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் வருமான வரம்பு என்று ஒன்று உண்டு. பொதுவாகக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்; மாற்றுத்திறனாளிகளுக்கு 50,000 ரூபாய் என்பதே விதியாக இருந்து வந்திருக்கிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 10 லட்சத்தில் முக்கால் பங்கு 7.5 லட்சம். ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 52,500 ரூபாய். வட்டியை வருமானத்தில் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். சர்க்காரே கட்டாயமாகப் போட வைத்த டெபாசிட், சர்க்காரின் உதவித்தொகைக்கே தடையாக வந்து நிற்கும். ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்ததாக ஆகாதா?

நஷ்டஈடு சம்பாத்தியம் அல்ல. போன கண்ணுக்கும் கெட்டுப்போன வாழ்வுக்கும் ஈடாகத் தரும் பணம் அது. மேற்கொண்டு செய்ய வேண்டிய ஆபரேஷன்களுக்கு அதுதான் துணை. மாத உதவியோ உழைக்க முடியாதவரின் அரிசிக்கும் வாடகைக்கும் ஆனது. உதவியை நிறுத்தினால், ஆபரேஷனுக்கு இருந்த பணம் வயிற்றுக்குப் போய்விடும்.

இது புதிய வாதமும் அல்ல. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு வந்த ஆயுள் இன்சூரன்ஸ் பணத்தை, நஷ்டஈட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்கலாகாது.

வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. விடுதிகளிலும் காப்பகங்களிலும் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்காக ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் ஒரு நிவாரணத் திட்டம் தொடங்கியது. அதிகபட்சம் 1,50,000 டாலர். இந்தப் பணத்தை உதவித்தொகைக்கான வருமானக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அங்கே தெளிவாக விதி செய்தார்கள்.

இங்கே நடந்த ஒன்றையும் மறக்கலாகாது. ‘லாட்கி பஹின்’ திட்டத்திலிருந்து, சஞ்சய் காந்தி உதவி பெறும் 2,30,000 பெண்கள் தகுதியற்றவர்கள் என 2025 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்று சொன்னது ஆறுதல். ஓர் உதவி வாங்குவோருக்கு இன்னோர் உதவி இல்லை என்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் நஷ்டஈடு உதவியே அல்ல. அதையும் அதே தராசில் நிறுத்துவது தவறு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். அப்படியிருக்க, “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று கவுண்டரில் நாலு பேர் நடுவே கேட்டால், அவர் வாயாலேயே அதைச் சொல்ல வைப்பதாகும்.

ஆகவே மராட்டிய அரசு செய்ய வேண்டியவை மூன்று. நஷ்டஈட்டுத் தொகையும் அதன் டெபாசிட் வட்டியும் எந்த உதவித்தொகைக்கும் வருமானம் ஆகாது என்று அரசாணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, காரணம் எழுதாமல், “கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத தொகை” என்று மட்டும் ஒரு சான்று தர வேண்டும். ஏற்கெனவே உதவி பெறுகிறவர்களுக்கு நஷ்டஈடு வந்தால், அதைக் காட்டி உதவியை நிறுத்துவதோ பழைய பணத்தைப் பிடிப்பதோ கூடாது.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. சஞ்சய் காந்தி உதவிக்கு மராட்டியத்தில் 15 ஆண்டு குடியிருந்த ஆதாரம் கேட்பார்கள். ரேஷன் கார்டையும் பழைய ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். நஷ்டஈடு உத்தரவின் நகலைத் தொலைத்துவிடாதீர்கள். மனு மராட்டியில் எழுத வேண்டுமே என்று தயங்கிப் பின்வாங்க வேண்டாம். எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு சாலிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதற்கும் காட்டலாம்.

ஆசிட் வீசியவன் ஒரு நிமிஷத்தில் பறித்தான். சர்க்கார் விதி மாதாமாதம் பறிக்கக் கூடாது. ஒரு வரி அரசாணையால் தீரக்கூடிய இந்த அநீதிக்கு அரசு இடம் கொடுக்கலாமா?