அடுக்களையும் எழுத்தாணியும்

எழுதுவதற்குப் பொருள் கிடைக்கவில்லை என்று இளம் எழுத்தாளர் சிலர் எனக்கு அடிக்கடி எழுதுகின்றனர். ஆற்றங்கரையும் மலைச்சாரலும் நிலவொளியும் வாய்த்தாலன்றிக் கற்பனை பிறவாது என்பது அவர்களுடைய எண்ணம் போலும். அவர்களுக்கு நான் கூறும் விடை ஒன்றே: நாளைக் காலையில் உங்கள் வீட்டுத் திருவலையில் அமர்ந்து ஒரு தேங்காயைத் திருவிப் பாருங்கள்.

நகைப்புக்காக இதனைக் கூறவில்லை. இப்பகுதியில் நான் எழுதியவற்றுட் பல, மேசைக்கு முன்னால் இருந்தபோது பிறந்தவை அல்ல. இரவு நெடுநேரம் தாளை வைத்துக்கொண்டிருந்தும் ஒரு வரியேனும் வராமல் எழுந்துவிட, மறுநாட் காலையில் முற்றம் கூட்டும்போதோ தேங்காய் திருவும்போதோ, தேடிய தொடக்கம் தானாகவே வந்து நின்றதுண்டு. கை பழகிய தாளத்திற் செல்கின்றது. சிரட்டை தட்டுப்படும் வேளையை விரல் அறிந்துகொள்கின்றது. மனமோ கட்டவிழ்ந்து தன் வழியே போகின்றது.

2012 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் சிலர் வெளியிட்ட ஆய்வொன்றும் இதனை ஒட்டிய முடிபையே கூறிற்று. ஒரு வினாவுக்கு விடை தேடி முயன்றபின், அதிகக் கவனம் வேண்டாத எளிய வேலையொன்றில் ஈடுபட்டு, மீண்டும் அதே வினாவுக்குத் திரும்பியோர், சும்மா ஓய்ந்திருந்தோரையும் கடினமான வேலை செய்தோரையும் விஞ்சினர். ஆனால் அந்தப் பயன் முன்பு முயன்ற வினாவிலேயே தோன்றிற்று. புதிய வினாவில் தோன்றவில்லை. அரிசியை ஊறப்போட்ட பின்னரன்றோ உரலுக்கு எடுத்துச் செல்கின்றோம்? எண்ணமும் அவ்வாறே. முதல் நாள் தாளோடு போராடாதவனுக்குத் திருவலை தேங்காய்ப்பூவை மட்டுமே கொடுக்கும்.

வீட்டு வேலை மனத்துக்கு ஓய்வு தருவதோடு நின்றுவிடுவதில்லை. அதுவே இலக்கியத்துக்குப் பொருளாகவும் அமைகின்றது. குறுந்தொகையில் கூடலூர்கிழார் பாடிய செய்யுளொன்று ஆறே அடிகளைக் கொண்டது. தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைத்த குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, முகம் நுண்ணிதாக மலரும் இளம் மனைவி ஒருத்தியை அங்கே காண்கின்றோம். அரண்மனையும் போர்க்களமும் காட்டாத ஓர் இல்லற வாழ்வை அந்த அழுக்குப்பட்ட துணி காட்டிவிடுகின்றது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே வள்ளைப்பாட்டு வருகின்றது. மாணிக்கவாசகர் சுண்ணம் இடிக்கும் மகளிரின் பாட்டைத் திருப்பொற்சுண்ணமாகவும், பூக்கொய்யும் மகளிரின் பாட்டைத் திருப்பூவல்லியாகவும் ஆக்கினார். எமது நாட்டிலே நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பாட முற்பட்டபோது, கூழும் கொழுக்கட்டையும் ஆகின்ற அடுக்களைக்குள்ளேதான் நுழைந்தார். தலைமுறை தலைமுறையாக எமது பிள்ளைகள் அப்பாட்டைப் பாடிவருகின்றனர்.

இத்துணையும் எழுதிய பின் என் பேனா சற்றுத் தயங்குகின்றது. மேலே நான் குறிப்பிட்டோர் யாவரும் ஆடவர். உலக்கை பிடித்த கைகளோ வேறு. ஔவையார் முதலான பெண்பாற் புலவர் பெயர்கள் நிலைத்திருப்பது உண்மையே. ஆயினும் எமது நாட்டார் பாடல்களுள் எத்தனையோ பெண்கள் பாடியவை; பாடியவள் இன்னாள் என்பதை மட்டும் தொகுப்புகள் பலவும் சொல்வதில்லை.

என் தாயாரும் சின்னம்மாவும் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மா இடிப்பார்கள். ஓர் உலக்கை எழ மற்றொன்று விழும். அந்தத் தாளத்துக்கு இசைய, அயலாரையும் எங்களையும் கேலி செய்து தாயார் இரண்டிரண்டு அடியாகக் கட்டிச் சொல்லுவார். நாங்கள் சுளகடியில் இருந்து சிரிப்போம். அக்காலத்தில் நான் பள்ளியில் நன்னூற் சூத்திரங்களைக் கொப்பியில் எழுதி மனனம் செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் அடிகளுள் ஒன்றையேனும் அந்தக் கொப்பியின் ஓரத்தில் எழுதிவைக்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லோடு உலக்கை விழும் ஓசை மட்டுமே இன்று நினைவில் இருக்கின்றது. சொற்கள் போய்விட்டன.

அண்மையில் ஓர் ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. முன்பு இப்பகுதிக்கு நல்ல கதைகள் எழுதியவர். மணமான பின்னர் எழுதவில்லை. ஏன் என்று கேட்டிருந்தேன். இடியப்பம் பிழியும்போது கதைகள் வருகின்றன என்றும், ஆனால் பிழிந்து முடிந்ததும் அவிக்க வேண்டும், அவித்து முடிந்ததும் பிள்ளைகளை வெளிக்கிடுத்த வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். திருவலையின் பெருமையைப் பேசும் எனக்கு அக்கடிதம் வெட்கத்தைத் தந்தது. நான் விடுமுறை நாளில் ஒரு தேங்காயைத் திருவிவிட்டு எழுத்து மேசைக்குத் திரும்பிவிடுகின்றேன். அவருக்கோ ஒரு வேலையின் முடிவில் மற்றொரு வேலை காத்திருக்கின்றது.

2013 ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கனடா நாட்டு எழுத்தாளர் அலிஸ் மன்றோ, தாம் சிறுகதைக்கு வந்த காரணத்தைப் பலமுறை கூறியிருக்கின்றார். சிறு பிள்ளைகளோடும் வீட்டு வேலைகளோடும் இருந்தவருக்கு நாவல் எழுத நீண்ட பொழுது வாய்க்கவில்லை. பிள்ளைகள் உறங்கும் வேளையே அவர் எழுதும் வேளையாயிற்று. அந்தச் சிறு பொழுதாவது கிடைத்தபடியால் உலகம் அவர் கதைகளைப் பெற்றது. அதுவும் கிடையாதவர்களிடமிருந்து நாம் இழந்தவை எத்தனை என்பதை யார் கணக்கிடுவது?

ஆதலின் என் வேண்டுகோள் இரண்டு. மாணவ அன்பர்களே, பொருளைத் தேடி வெளியே அலையுமுன் உங்கள் வீட்டு வேலைகளுள் ஒன்றைக் கையேற்றுக்கொள்ளுங்கள். அருகில் ஒரு பென்சிலும் பழைய கொப்பியும் இருக்கட்டும். உங்கள் அம்மாவும் அம்மம்மாவும் வேலையிடையே சொல்லுவனவற்றை, நான் செய்யத் தவறியதுபோல் விட்டுவிடாமல், அவர்கள் சொன்னபடியே எழுதி, அவர்கள் பெயரையும் அடியிலே குறித்து வையுங்கள்.

மற்றது வீட்டிலுள்ள ஆடவர்க்கு. இடியப்ப உரலை அரைமணி நேரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பிழிந்தவள் மனத்தில் வந்த கதை ஆறுமுன் அவள் எழுதி முடிக்கட்டும். அக்கதைக்கு இப்பகுதியில் இடம் உண்டு.