நிலத்தடியை யார் பார்ப்பது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையினுள் ஊறும் நீரே கமக்காரனுக்கும் நகரத்தாருக்கும் உயிர். அந்நீரிலே சுன்னாகத்தில் மின்னிலைய எண்ணெய் கலந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென்ற நெறியை ஏற்று, 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பணித்தது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயின் நட்டஈடு மண்ணைக் கழுவாது.

வாங்குபவனே விழித்திருக்க வேண்டுமென்பது பழைய சட்டநெறி. காணி உறுதி எல்லையைக் கூறும்; அடிமண்ணிலுள்ள நஞ்சைக் கூறாது. ஆதலின், எண்ணெய் தேங்கிய நிலத்தைத் துண்டாக்கி விற்குமுன் மண்ணும் கிணற்று நீரும் பரிசோதிக்கப்படல் வேண்டும். முடிவு தமிழில் ஊரார்முன் வைக்கப்படல் வேண்டும். கெட்ட மண்ணை அகற்றும் செலவு கெடுத்தவரையே சாரவேண்டும். இவற்றைச் சட்டமாக்குக! எண்ணெய் மிதக்கும் கிணற்றைப் பிள்ளைகளுக்கு முதுசமாக விடுவதற்கோ நாம் காணி தேடினோம்?